இரண்டு பார்சலும் ஒரு கிளச்சும்

"வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், வியாழன். காலையிலேயே வெயில் கடுமை. மச்சானின் மோட்டார் சைக்கிள் தண்ணீரூற்றுச் சந்திக்குக் கிட்ட நின்றுவிட்டது. காரணம்: கிளச். மீன் ஐஸில் இருக்கிறது."

இது என் நாட்குறிப்பில் உள்ளபடி. மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மழை எப்போது தொடங்கியது, பஸ் எத்தனை மணிக்கு வரவில்லை, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது என்று எழுதிவைப்பது என் வழக்கம். இது ஊருக்குப் பயன்படும் என்று நான் நம்புகிறேன். ஊர் இன்னும் ஒருமுறையும் வந்து கேட்டதில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். விடியற்காலையில் முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸ் போட்டு, தண்ணீரூற்று, முள்ளியவளை, அதற்கப்பால் ஒட்டுசுட்டான் போகும் வழி வரைக்கும் விற்றுக்கொண்டு போவார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை: அவருடைய ஹோர்ன் கேட்டால் பெண்கள் சட்டியோடு வாசல் படலைக்கு வருவார்கள். எந்த வீட்டுக்குத் தலை வேண்டும், எந்த வீட்டுக்கு வால்பக்கம் வேண்டும், எந்த வீட்டில் மாமியார் வந்திருந்தால் கூடுதலாக வாங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வண்டி நின்ற கிழமைதான் பிரச்சினை. வற்றாப்பளை அம்மன் பொங்கலை முன்னிட்டு எங்கள் பகுதி வீடுகளில் பல நாட்களாக மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, சமைப்பதில்லை. மரக்கறி, மரக்கறி, மறுபடியும் மரக்கறி. பொங்கல் முடிந்ததும் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் மீனை நினைக்கத் தொடங்கும். மச்சானுக்கு வருடத்தில் அதைப்போல ஒரு கிழமை இல்லை. அந்தக் கிழமையின் வாசலில் கிளச் எரிந்தது.

நானும் அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கராச்சுக்குப் போனோம். மீன்பெட்டியையும் சேர்த்துத்தான். கராச்காரர் பக்கத்து மூடியைக் கழற்றி, பிளேற்றுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார்.

"என்னண்ணை, மீனோடை சேத்து இதையும் கருவாடு போட்டீங்களோ?"

"பெட்டி பாரம்" என்றார் மச்சான்.

"பாரமில்லை. நீங்கள் கிளச்சைப் பிடிச்சபடி ஒவ்வொரு படலையிலையும் கதைக்கிறீங்கள். கதை முடியுமட்டும் அது எரியுது."

பிறகு அவர், இந்தப் பகுதியில் எல்லாக் கராச்காரரும் செய்வதைச் செய்தார். எரிந்த பிளேற் ஒன்றைப் பழைய பேப்பரில் சுற்றி மச்சானின் கையில் கொடுத்தார். இதற்கு விளக்கம் தேவை. எங்கள் ஊரில் யாரும் கடைக்குப் போய் இன்ன பாகம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பழுதான சாமானைக் கொண்டுபோய் மேசையில் வைப்பார்கள். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்ப்பார், புதியதை எடுத்துப் பக்கத்தில் வைப்பார், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார். ஒத்துவந்தால் வியாபாரம். சாம்பிள் என்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் மடியில் எண்ணெய் ஊறிய பேப்பர்ப் பொட்டலம் இருந்தால், அவர் சாமான் வாங்கப் போகிறார் என்று அறியலாம். அதில் வடை இருக்கும் என்று நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

என் அபிப்பிராயத்தில் இது பழைய முறை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர் இருக்கிற காலத்தில், எண்ணெயும் கரியும் சுமந்துகொண்டு திரிவானேன்? இதை நான் கராச்சிலேயே சொன்னேன். கராச்காரர் என்னை மரியாதையோடு பார்த்துவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். மச்சான் பொட்டலத்தை மீன்பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அன்று பின்னேரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்த விதத்திலேயே தெரிந்தது, அவர் கிளச்சைப் பற்றி யோசிக்கவில்லை.

"ஓட்டோக்காரன் வந்திட்டான்" என்றார்.

அது கொஞ்ச நாட்களாக நாங்கள் கேள்விப்பட்ட விஷயம்தான். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒருவர் ஓட்டோவில் மீன் கொண்டுவருகிறார். அதன் கூரையில் ஒலிபெருக்கி. அவர் கூப்பிடுவதில்லை, பதிவுசெய்த ஒரு பெண்குரல் கூப்பிடும்.

"அவன் வாயே திறக்கிறேல்லை" என்றார் மச்சான். "ஒரு பொம்பிளைதான் கூப்பிடுறா. 'அன்பான இல்லத்தரசிகளே' எண்டு தொடங்குது. இவ்வளவு காலம் நான் ஹோர்ன் அடிக்கிறன், ஒருத்தரையும் அன்பான எண்டு கூப்பிட்டதில்லை."

"இந்த வீட்டிலையும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை" என்றா என் மனைவி, குசினியிலிருந்து.

மச்சான் சிரிக்கவில்லை. "நான் ஒரு கிழமை வராட்டி அது அவன்ரை றோட்டு. சட்டியைத் தூக்கிக்கொண்டு அவனிட்டைப் போய்ப் பழகிட்டினமெண்டா, பிறகு நான் ஹோர்ன் அடிக்க நாய்தான் வெளியிலை வரும்."

எனவே கிளச் விரைவில் வேண்டும். எப்படி என்பதில்தான் எங்கள் வீடு இரண்டானது.

மனைவி முல்லைத்தீவு ரவுணில் ஆசிரியை. ஸ்கூட்டரில் போய்வருபவ. போகும் வழியில்தான் மோட்டார் சைக்கிள் கொம்பனியின் ஏஜென்சி இருக்கிறது: கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வரிசை நம்பர் தரும் சின்ன இயந்திரம்.

"பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை கேட்டுக்கொண்டு வாறன்" என்றா.

"அங்கை போனா, கொழும்பிலை இருந்து வரவேணும் எண்டுதான் சொல்லுவினம்" என்றேன். "அதே கொழும்பிலை இருந்து ஒன்லைனிலை நாங்களே எடுத்தா என்ன?"

"அவை எடுத்தா அவை பொறுப்பு. நீங்கள் எடுத்தா ஆர் பொறுப்பு?"

"நம்பர் பொறுப்பு."

"நம்பருக்குப் போன் அடிச்சுப் பேசேலாது."

நான் மச்சானிடம் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். தந்தார். மொடல், ஆண்டு, சேசி நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. இணையத்தில் கொம்பனியின் பாகப் பட்டியல் படங்களோடு கிடைத்தது. அந்த மொடலின் அந்த ஆண்டுக்குரிய பக்கத்தைத் தேடி, கிளச் பிளேற் செற்றின் நம்பரைக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பாகத்தின் நம்பருக்கு மட்டும் சிவப்புப் பேனையால் அடிக்கோடு இட்டேன். அது பார்க்க அழகாக இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

"புத்தகத்திலை இருக்கிறதுதானே வண்டி?" என்று ஒரு கடமைக்காக மச்சானைக் கேட்டேன்.

அவர் நாடியைச் சொறிந்தார். "புத்தகத்திலை இருக்கிறது புத்தகத்திலை இருக்கிறதுதான்" என்றார்.

அந்த வசனத்தில் இருந்த ஓட்டையை அப்போது நான் கவனிக்கவில்லை. ஒன்லைனில் கட்டளையை அனுப்பினேன். பார்சல் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும்.

அடுத்த சில நாட்கள் அந்தப் பார்சல் எங்கள் வீட்டு உறவினர் போல ஆகிவிட்டது. போனில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கொழும்பை விட்டது. வவுனியா வந்தது. கிளிநொச்சி போனது. நான் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு, எனக்கு இன்றுவரை விளங்காத ஒரு காரணத்துக்காக, மறுபடியும் வவுனியாவில் நின்றது.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டா.

"வவுனியாவிலை நிக்குதாம்."

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை நீங்கள் என்னைக் காட்டின ஊரைவிட அது கூட ஊர் பாத்திட்டுது."

இதற்கிடையில் மச்சான் சும்மா இருக்கவில்லை. பழைய சைக்கிள் ஒன்றில் சின்னப் பெட்டியைக் கட்டி, முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்த மீனைச் சந்தியில் இறக்கி விற்கத் தொடங்கினார். மணியைத்தான் அடிக்கலாம். அந்த மணி ஐஸ்கிறீம்காரனுடையதைப் போல இருந்ததால், படலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளைகள். பெரியவர்கள் வருவதற்கு முன்னரே, 'அன்பான இல்லத்தரசிகளே' அந்த ஒழுங்கையால் போய்த் திரும்பியிருக்கும். அவர் ஓட்டோவின் பின்னாலேயே சைக்கிள் உழக்கினார். ஓட்டோவின் புகை அவருக்கு, வியாபாரம் ஓட்டோக்காரருக்கு.

ஒழுங்கை வளைவில் உள்ள வீட்டு அக்காவிடம் கேட்டாராம்: "விளைமீன் நல்லது கிடக்கு. எடுக்கேல்லையோ?"

"இண்டைக்கு மரக்கறி, தம்பி."

"பொங்கல் முடிஞ்சிட்டுதே."

"அது அம்மனுக்கு. இது வேறை நேர்த்தி."

அக்காவின் வீட்டுப் பூனை மதிலில் படுத்துக்கிடந்து நிறைவாக வாயை நக்கிக்கொண்டிருந்தது என்று மச்சான் வந்து சொன்னார். பூனையைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று நான் சொன்னேன். அன்று அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

பார்சல் அடுத்த புதன்கிழமை வந்தது. கொண்டுவந்தவர் முதலில் போன் எடுத்தார்.

"சேர், தண்ணீரூற்றிலை நிக்கிறன். உங்கடை வீடு எங்கை?"

"விலாசம் முழுதா எழுதியிருக்கே."

"விலாசம் நல்லாத்தான் இருக்கு சேர். வழிதான் இல்லை."

நான் குறுக்கு ஒழுங்கை, வீட்டு இலக்கம், கிராம அலுவலர் பிரிவு என்று எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் நின்ற யாரிடமோ கதைக்கும் சத்தம் கேட்டது.

"சேர், மீன்காரற்றை தங்கச்சி வீடோ?"

"ஓம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். உடனே வந்துவிட்டார்.

காசைக் கொடுத்துப் பார்சலைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு, வெற்றி பெற்றவனின் நடையில் கராச்சுக்குப் போனேன். மச்சான் அங்கே தன் வண்டியின் பக்கத்தில் பலகையில் குந்தியிருந்தார். நான் பெட்டியை அவர் மடியில் வைத்தேன்.

"கொழும்பு, வவுனியா, கிளிநொச்சி, வவுனியா, தண்ணீரூற்று" என்றேன். "சொன்ன கிழமைக்குள்ளை."

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பள்ளிக்கூடச் சேலையோடு என் மனைவி. கையில் இன்னொரு பெட்டி. என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தா. கிளச் செற் ஒன்று மறைக்கக்கூடிய அளவில் இருப்பதில்லை.

"அது என்ன?" என்றேன்.

"ஏஜென்சியிலை சொல்லி வச்சனான். இண்டைக்கு வந்திட்டுது."

"எப்ப சொன்னனீர்?"

"நீங்கள் ஒன்லைனிலை போட்ட அடுத்தநாள். அண்ணா பாவம், உங்கடை பார்சலை மட்டும் நம்பி இருக்க விடேலாது."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கராச்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு பெட்டியையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருக்குச் சந்தோஷம். வழக்கமாக ஒரு சாமானுக்கே கிழமைக்கணக்கில் காத்திருப்பவர், இன்று ஒரே வண்டிக்கு இரண்டு கிளச். ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒரே நம்பர். ஒரே நிறப் பெட்டி. உள்ளே ஒரே பிளேற்றுகள். எதை முதலில் போடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. மச்சானைக் கேட்டோம். இந்த வயதில் தங்கச்சியையோ மச்சானையோ பகைக்க முடியாது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். கராச்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

போடப் போனவர் நிறுத்தினார். திருப்பினார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். மற்றப் பெட்டியைத் திறந்து அதில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஐயா, ரெண்டும் நல்ல சாமான்" என்றார். "ஒறிஜினல். குறை சொல்லேலாது. இந்த வண்டிக்கில்லை."

"எப்பிடி இல்லாமல் போகும்? நம்பர் சரி."

"நம்பர் சரியாத்தான் இருக்கும். பிளேற் பெரிசு. கிளச் கூடைக்குள்ளை இறங்காது."

"புத்தகத்திலை உள்ள மொடலுக்கு இதுதான்."

"புத்தகத்துக்குப் போடுறதெண்டா போடலாம்" என்றார் கராச்காரர்.

அப்போதுதான் மச்சான் வானத்திலிருந்து இறங்கி வந்தார். கொஞ்சம் இருமினார்.

"மச்சான், எஞ்சின் இந்த வண்டியின்ரை இல்லை."

அவரே தொடர்ந்தார். போர் முடிந்து நாங்கள் மீளக்குடியமர்ந்த காலத்தில், சனம் விட்டுப்போன வண்டிகளைக் குவித்து வைத்திருந்த இடத்துக்கு அவரும் போயிருக்கிறார். நம்பரை வைத்துத் தன்னுடையதைக் கண்டுபிடித்திருக்கிறார். மிஞ்சியிருந்தவை சட்டம், பெற்றோல் ராங்கி, ஒரு சில்லு. எஞ்சின் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. பிறகு எங்கேயோ, யாரிடமோ, சட்டம் இல்லாத ஓர் எஞ்சின் கிடைத்தது. இரண்டையும் பொருத்திவிட்டார். அன்றைக்கு எங்கள் பகுதியில் ஓடிய வண்டிகளில் பலவும் அப்படித்தான்.

"எலும்பு என்ரை" என்றார். "நெஞ்சு ஆரின்ரையோ."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றேன்.

"நீர் எழுதிப்போடுவீர்."

"அண்ணா, எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே" என்றா மனைவி.

"நீ இவரிட்டைச் சொல்லுவாய். இவர் எழுதிப்போடுவார்."

கராச்காரர் திரும்பி நின்று சிரித்தார். நான் அவரைக் கேட்டேன்: "உமக்குத் தெரியுமோ?"

"மூடியைக் கழட்டினதும் தெரியும் ஐயா. அதுதானே சாம்பிள் சுத்தித் தந்தனான். நீங்கள் நம்பர் கிடக்கெண்டு சொன்னீங்கள். பெரிய ஆக்களின்ரை நம்பர், நான் என்னத்தைக் கேக்கிறது?"

(அந்த எஞ்சின் நம்பரைப் பிறகு முறைப்படி புத்தகத்தில் ஏற்றிவிட்டோம். படிவங்களை நான்தான் நிரப்பினேன். எனவே இதை எழுத மச்சானின் அனுமதி இருக்கிறது. எஞ்சின் நம்பரை மட்டும் இங்கே எழுதக்கூடாது என்பது நிபந்தனை.)

ஏஜென்சி பூட்ட இன்னும் நேரம் இருந்தது. மச்சான் மீன்பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். ஒரு கிழமை அங்கே கிடந்ததில் அது வேறொரு பொருளாக மாறியிருந்தது. மனைவி அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போனா. பொட்டலத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி இருக்கவேண்டும் என்று கட்டளை. நான் பஸ்ஸில் போனேன். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனபோது, அவர்களுடைய வரிசை நம்பரை அப்போதுதான் கூப்பிட்டார்கள். காத்திருந்த மற்றவர்கள் அவர்களிடமிருந்து இரண்டு கதிரை தள்ளி இருந்தார்கள்.

மேசையில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மச்சான் பொட்டலத்தை விரித்து வைத்தார். அவா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தா.

"இது கிளச் பிளேற்றோ, திருக்கையோ?"

"பிளேற்தான், பிள்ளை. கொஞ்சம் மீனோடை பழகிட்டுது."

அவா பேனையின் முனையால் அதைத் திருப்பிப் பார்த்தா. ஒருமுறைதான். எழும்பிப் பின்னால் போய், தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தா. ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தா. ஒத்துவந்தது.

"கையிருப்பிலையே இருக்குதோ?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இது எப்பவும் இருக்கும். இஞ்சை ஆகக்கூட ஓடுற எஞ்சின் இதுதான்."

"போன கிழமையும் இருந்ததோ?"

"போன கிழமையும் இருந்தது." அவா என் மனைவியைப் பார்த்தா. "ரீச்சர், சாம்பிள் கொண்டுவந்திருந்தா அண்டைக்கே தந்திருப்பன். நீங்கள் போனிலை ஒரு படம் காட்டினீங்கள். மொடல், ஆண்டு, சேசி நம்பர், சாமான்ரை நம்பர், அதுக்குக் கீழை சிவப்புக் கோடு. அவ்வளவு வடிவா எழுதிக்கொண்டு வாற ஆக்களிட்டை நாங்கள் எதிர்த்துக் கேக்கிறேல்லை."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே சொன்னா: "மேசையிலை கிடந்தது. படம் எடுத்தனான்."

ஆக, ஒன்லைனா ஏஜென்சியா என்று எங்கள் வீட்டில் நடந்த போட்டியின் முடிவை எழுதவேண்டுமானால் இப்படித்தான் எழுதலாம்: இரண்டும் என் கையெழுத்தை நம்பின. இரண்டும் சொன்ன சாமானைச் சொன்னபடி கொண்டுவந்தன. யாரிலும் பிழை இல்லை. சமநிலை.

"அப்ப அந்த ரெண்டு செற்றையும் என்ன செய்யிறது?" என்று வரும் வழியில் மச்சானைக் கேட்டேன்.

"அதுக்கு ஏத்த ஒரு வண்டியை ஒன்லைனிலை தேடும்" என்றார்.

மறுநாள் வியாழன். விடிந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு குட்டை, ஒரு நெட்டை கேட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். எழுதுவதற்காக என்று சொன்னேன். உண்மையில், நாய்தான் வெளியில் வருமா என்று பார்க்கவேண்டும்போல இருந்தது.

நாய்கள் வந்தன. பின்னால் சட்டிகளும் வந்தன. எல்லாச் சட்டியும் இல்லை, ஆனால் போதுமானவை. மச்சான் ஒவ்வொரு படலையிலும் மீனை நிறுக்கு முன்னர் விசாரணையை நடத்தினார்.

"இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நாங்கள் மரக்கறி" என்றா முதல் வீட்டு அம்மா. "இண்டைக்குத்தான் நேர்த்தி முடியுது."

"அவருக்கு வயித்துக்குள்ளை சரியில்லை. பருப்பும் ரசமும்தான்" என்றா அடுத்த வீட்டுப் பெண். கணவர் பின்னால் நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டு, ஆமோதித்தார்.

"ஓட்டோவோ? எந்த ஓட்டோ?" என்றா மூன்றாவது வீட்டு அக்கா.

"அன்பான இல்லத்தரசிகளே எண்டு வாறது."

"ஓ, அதுவோ. சத்தம்தான் கேட்டது. நான் எட்டியும் பாக்கேல்லை."

வளைவு வீட்டு அக்கா பாரை ஒன்றைத் தெரிந்தெடுத்தா. "தம்பி, நடுத்துண்டைச் சின்னனா வெட்டும். ஓட்டோக்காரன் வெட்டித் தாறேல்லை."

மச்சான் கத்தியைத் தூக்கியபடி நின்றார்.

"வாங்காத ஆளுக்கு, அவன் வெட்டுறேல்லை எண்டு எப்பிடி அக்கா தெரியும்?"

"ஆரோ சொல்லக் கேள்விப்பட்டனான்" என்றா அக்கா. மதிலில் பூனை இன்னும் படுத்திருந்தது. மச்சான் நடுத்துண்டை மிகச் சின்னதாக, தேவைக்கு மேலாகச் சின்னதாக, வெட்டிக் கொடுத்தார்.

ஆனால் றோட்டு முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. முள்ளியவளையைத் தாண்டிய பிறகு, புது வீட்டுத்திட்டப் பக்கத்தில், ஹோர்ன் அடித்து அடித்து மச்சானின் விரல் களைத்தது. மூன்று படலைகள் திறக்கவேயில்லை. திறந்த ஒன்றில், காலையிலேயே வாங்கிவிட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில்தான் ஓட்டோ ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றது. ஓட்டோக்காரர் இறங்கி வந்தார். அமைதியான மனிதர். அவ்வளவு சத்தமான ஒலிபெருக்கியை வைத்திருப்பவர் இப்படி மெல்லமாகக் கதைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணை, வண்டி சரிவந்திட்டுதோ?" என்றார்.

"வந்திட்டுது. எப்பிடி உம்மடை வியாபாரம்?"

"உங்கடை பக்கம் நல்லம் அண்ணை. தண்ணீரூற்றைத் தாண்ட முதல் ஒவ்வொரு நாளும் பெட்டி காலி."

மச்சான் தன் மீன்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "என்ரை சனம் எல்லாம் மரக்கறியாமே."

"அப்பிடியோ" என்றார் ஓட்டோக்காரர். கடைப்பக்கம் திரும்பி மூன்று தேத்தண்ணி சொன்னார். வியாபார ரகசியத்தைக் காப்பவர் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

தேத்தண்ணி வந்தது. குடித்து முடிக்கும்போது விஷயமும் முடிந்திருந்தது. வீட்டுத்திட்டமும் அதற்கப்பால் ஒட்டுசுட்டான் வழியும் ஓட்டோவுக்கு. தண்ணீரூற்றும் முள்ளியவளையும் மச்சானுக்கு. ஒருவர் வராத நாளில் மற்றவர் போகலாம், ஆனால் முதல்நாள் போன் எடுத்துச் சொல்லவேண்டும். ஒரு கிழமைக்கு முன்னர் முழு றோட்டும் அவருடையது. இப்போது பாதிக்குக் கொஞ்சம் கூட. திரும்பி வரும்போது நான் அதைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன். அவராகவே சொன்னார்:

"அந்தப் பக்கம் ஏத்தம், மச்சான். அதிலை போய்த்தான் கிளச் எரிஞ்சது."

எனக்குத் தெரிந்தவரை அந்தப் பக்கத்தில் ஏற்றம் இல்லை. வன்னியில் ஏற்றத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். இருந்தாலும் அவர் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறேன்.

இனி, ஒரு பதிவாளனாக எனக்கு மிஞ்சிய பிரச்சினை. ஓட்டோக்காரரின் பெட்டி அந்தக் கிழமை எங்கள் பகுதியில் தினமும் காலியானது. இதை அவர் சொன்னார். தேத்தண்ணிக் கடைக்காரரும் உறுதிப்படுத்தினார். மச்சானின் வாடிக்கை வீடுகளில் நான் பின்னேரங்களில் மெதுவாக விசாரித்தேன். எல்லா வீடுகளும் அந்தக் கிழமை மரக்கறி. நேர்த்தி, வயிற்றுக்கோளாறு, ஒரு வீட்டில் மருமகளின் கனவு. ஒரு வீடும் ஒரு மீனும் வாங்கவில்லை. பெட்டி காலி, சட்டிகளும் காலி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கமுடியாது. ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் உண்மை.

என் வீட்டைப் பற்றியும் நேர்மையாக எழுதவேண்டும். வண்டி கராச்சில் நின்ற அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் சூடைமீன் பொரியல் சாப்பிட்டேன். நன்றாக மொறுமொறுப்பாக இருந்தது. சைக்கிள் பெட்டியோடு மச்சான் அன்று சூடை கொண்டுவரவில்லை. அதை அவரிடமே கேட்டு உறுதிசெய்தேன். ஏன் கேட்கிறீர் என்றார். சும்மா என்றேன். மனைவியின் விளக்கம், தன்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்தா என்பது. "சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையே" என்றேன். "வெள்ளிக்கிழமை தந்தவா. ஐஸ்பெட்டியிலை வச்சனான்" என்றா. மரக்கறி நாளான வெள்ளிக்கிழமையில் எங்கள் பக்கத்து ஆசிரியை ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு மீன் கொண்டுபோவாரா என்பது தனிக் கேள்வி.

அந்த ஆசிரியை பிறகு மாற்றலாகித் துணுக்காய்ப் பக்கம் போய்விட்டா. அவாவுடைய போன் நம்பர் மனைவியிடம் இருக்கிறது. தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறா, இன்னும் தரவில்லை. எனவே சனிக்கிழமைச் சூடை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படவில்லை.